பூனைமேல் போட்ட பழி

அப்பு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நன்றாகவே இருப்பாய். நேற்று முதல் தடவை கூப்பிட்டபோது, “அப்பா, மீட்டிங்ல இருக்கேன்” என்றாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்னடா மீட்டிங்? அடுத்த தடவை நீ எடுக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், எழுதினால் அது முடியாது. இன்று திங்கட்கிழமை, கறிக்கடைக்கு ஈயைத் தவிர யார் வரப்போகிறார்கள்? கல்லாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவேன். நீ பார்த்ததற்கு நீலக் குறி விழுகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சனிக்கிழமை நீ செய்ததை உனக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செய்தபோது உனக்குக் கண் மண் தெரியவில்லை. சுகந்திக்கு இது மூன்றாம் மாதம். வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமியின் தடம் தெரிகிறது என்றார்கள். அந்தப் பேரை உச்சரிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. நீ ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தாய். அதுவரைக்கும் எனக்கு உன்மேல் பெருமைதான். டாக்டரம்மா முன்னால் நாம் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ மடியில் போனை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாய், மீதியைப் போனில் படித்தாய். போனில் முதல் வரியிலேயே பூனை என்று போட்டிருந்ததாம். அவ்வளவுதான், உனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தியின் பூனை மூக்காயியை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, என் ஸ்கூட்டரிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனாய். வெறும் சாக்கோடு திரும்பி வந்து, அவள் கண்ணெதிரே சாக்கை உதறி மடித்தாய். அதோடு விட்டாயா? “பூனை பூனைன்னு கொஞ்சினேல்ல, இப்பப் பாரு. கலைச்சிரலாம். ரிஸ்க் எடுக்க முடியாது. அடுத்ததைப் பாத்துக்கலாம்” என்றாய். உன் அம்மா கையில் வெஞ்சனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அடுத்ததைப் பார்த்துக்கொள்வதற்கு இது என்ன பஸ்ஸாடா? சுகந்தி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை வாசலிலேயே ஓர் அறை விட்டிருப்பேன். முப்பது வயதுப் பிள்ளையை எப்படி அடிப்பது என்று யோசிப்பதற்குள் ஆட்டோ போய்விட்டது.

நீ காதில் வாங்காத பாதியை இப்போது சொல்கிறேன், கேள். எனக்குப் படிப்பு பத்தோடு சரி. டாக்டரம்மாவிடம் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன், அவரும் முகம் சுளிக்காமல் சொன்னார். ஒரு கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்க்கிறதற்கு ஒரு சரக்கைத் தயார் பண்ணுமாம். முதலில் அவசரத்துக்கு ஒன்று வரும், அதற்கு ஐஜிஎம் என்று பேர். கொஞ்ச நாள் கழித்து நிலையாக நிற்கிற இன்னொன்று வரும், அது ஐஜிஜி. அந்த நிலையானது ஆயுசுக்கும் இருக்கும். கிருமியும் முழுக்கப் போவதில்லை, தசையில் எங்கேயாவது அடங்கிக் கிடக்கும். உடம்பு அதைத் தலைதூக்க விடாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ பேருக்கு இது எப்போதோ வந்து, ஒரு காய்ச்சல் மாதிரி போயிருக்கும், வந்ததே தெரியாது என்றார். உண்டாவதற்கு முன்னாலேயே வந்து அடங்கியிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை. உண்டான பிறகு புதிதாக வந்திருந்தால்தான் கவலை.

சுகந்தி ரத்தத்தில் இரண்டுமே இருக்கிறது. முதலில் வருகிற ஐஜிஎம் இருந்தால் கிருமி புதிதாக வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நீ குறுக்கே விழுந்து கேட்டாய். அதற்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் நீ மறுபடி போனுக்குள் போய்விட்டாய். சில பேருக்கு அந்த முதல் சரக்கு வேலை முடிந்தும் போகாதாம். மாதக்கணக்கில், ஒரு வருஷத்துக்கு மேலேகூட ரத்தத்தில் தங்கி நிற்குமாம். சில சமயம் இல்லாததை இருப்பதாகவும் பரிசோதனை காட்டிவிடுமாம். ஆகவே அந்த ஒற்றைத் தாளை வைத்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இன்னொரு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிலையான அந்தச் சரக்கு கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அதில் பார்ப்பார்களாம். புதிதாக உண்டானது தளர்வாகப் பிடிக்கும், மாதம் போகப் போகப் பிடி இறுகும். கடைக்குப் புதிதாக வந்தவன் கத்தி பிடிப்பதற்கும் நான் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. சொன்னேன், டாக்டரம்மா சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றார்.

பிடி இறுக்கமாக இருந்தால், இது உண்டாவதற்கு முன்னாலேயே வந்த சமாச்சாரம், கவலையை விட்டுவிடலாம். தளர்வாக இருந்தாலும் புதிதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாதாம். இப்போது ஆரம்பித்திருக்கிற மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து, இன்னும் சில வாரம் போனபின் பனிக்குடத்து நீரை எடுத்துப் பார்ப்பார்கள். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்றும் சொன்னார். கடைசியில் அவர் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “இந்தத் தாளைப் பாத்து யாரும் எந்த முடிவும் எடுத்துராதீங்க” என்றார். நீ தலையைத் தலையை ஆட்டினாய். என்னத்துக்குடா ஆட்டினாய்?

பூனையைப் பற்றியும் நானே கேட்டேன். பூனைக்கு இந்தக் கிருமி முதல் தடவை தொற்றும்போது கொஞ்ச வாரம் அதன் மலத்தில் வெளியே வருமாம். பெரும்பாலும் குட்டியாக இருக்கும்போதே அது முடிந்துவிடும். மூக்காயி கிழடாகி, பாச்சை ஓடினால்கூடத் தலையைத் திருப்பாமல் படுத்துக்கிடக்கிற பூனை. அது போகிற இடத்தைச் சுகந்தி சுத்தம் பண்ண வேண்டாம், வேறு யாராவது கையுறை போட்டுத் தினமும் அள்ளிவிடுங்கள், பச்சைக் கறி போடாதீர்கள், விரட்ட வேண்டிய அவசியம் இல்லை என்றார். பச்சைக் கறி என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடையிலிருந்து கழிவுத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அதற்குப் போடுகிறவன் யார்? நான்தானே. நீ பூனையைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றாலும், அந்த வழக்கு சுற்றி வந்து நம் கடை வாசலில்தான் நிற்கும்.

அடுத்ததாக அவர் சுகந்தியிடம் ஒரு கேள்வி கேட்டார். “கறி எதுவும் அரைவேக்காடா சாப்பிட்டீங்களா?” என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நீ மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சுவரொட்டி என்று உன் அம்மா முனகினாள். ஆட்டு மண்ணீரலை அப்படிச் சொல்வோம் என்று டாக்டரம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறவர்கள் முதல் நாளே வந்து சொல்லிவைத்து வாங்கிப்போவார்கள், ரத்தம் ஊறுவதற்கு அதற்கு மிஞ்சியது இல்லை என்பது நம் நம்பிக்கை. கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டி, மேலே நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். முழுக்க வெந்தால் சத்துப் போய்விடும் என்று நான் எத்தனை பேருக்குக் கல்லாவில் உட்கார்ந்து பக்குவம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அந்தச் சிவப்பில்தான் கிருமி உயிரோடு இருக்குமாம். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், இரும்புச் சத்து எங்கேயும் ஓடிவிடாது என்றார் அந்த அம்மா. இத்தனை காலம் கறி வெட்டியவனுக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்ததே என்று கூசிப்போனேன்.

சுகந்தி சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் கறி எடுப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், பிள்ளை வெளுத்துப்போய் இருக்கிறதே என்று உன் அம்மா எப்போதாவது ஒரு சுவரொட்டி வாட்டிக் கொடுத்தாள். உண்டானது தெரிந்ததும் வாரம் தவறாமல் கொடுத்தோம். அவளுக்குப் பிடிக்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. உனக்கு வீடியோவில் காட்டி, “இதைப் போய்ச் சாப்பிடச் சொல்றாங்க” என்று சிரித்தாள். நீ என்ன சொன்னாய்? “எங்கப்பா எடுத்து வச்சுக் குடுக்கிறது, மறுக்காமச் சாப்பிடு. நான் இதைத் தின்னுதான் வளந்தேன்” என்றாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கேட்டு உச்சி குளிர்ந்தது. ஆக, வெட்டியது நான், வாட்டியது உன் அம்மா, தின்னச் சொன்னது நீ. எங்கள்மேல் உள்ள பிரியத்துக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியது மட்டும் அவள். பழி அவளுக்கும் அவள் பூனைக்கும். நல்லா இருக்குடா உன் நியாயம்!

இதைச் சொல்வதால் சுவரொட்டிதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. கழுவாத கீரையாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம், எது என்று இனிமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். எனக்கு இப்போது ஓடுகிற கணக்கெல்லாம் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் கொடுத்ததிலேயே வந்திருந்தால் அவள் உடம்பு அதை அப்போதே பார்த்து அடக்கியிருக்கும், பிள்ளை தப்பித்தது. இந்த இரண்டு மாதத்தில் கொடுத்ததில் வந்திருந்தால் நான் ஆசையாக இலையில் மடித்துக் கொண்டுபோனது என் பேரப்பிள்ளைக்கே எமன். நேற்றுக் கடையில் அம்புட்டுக் கூட்டம். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் மகளுக்குச் சுவரொட்டி கேட்டு நின்றார். நல்லா வேக வச்சுக் குடுங்க, உள்ளே சிவப்பு இருக்கவே கூடாது என்றேன். என்னப்பா புதுசாச் சொல்றே என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

உனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது ஞாபகம் இருக்கிறதா? உடம்பெல்லாம் முத்து முத்தாக, வேப்பிலையில் கிடந்தாய். உன் தங்கச்சி அப்போது வயிற்றில். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது, இவனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று என் அக்கா, உன் அத்தைதான், என்னை நச்சரித்தாள். எனக்கும் பயம். நிலக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் விடலாம் என்று வேனுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, “எனக்குச் சின்னதுலயே போட்டு எறங்கிருச்சு. என்னைய ஒண்ணும் செய்யாது. எம்பிள்ளைய எங்கயும் அனுப்ப மாட்டேன், வேணும்னா நீங்க போங்க” என்றாள். அவள் சொன்னபடியே அவளுக்கும் ஒன்றும் வரவில்லை, தங்கச்சிக்கும் ஒன்றும் வரவில்லை. அதுவரை அம்மை காணாத நான்தான் உன் பக்கத்தில் விழுந்தேன். பார்த்த நோயை உடம்பு மறக்காது, அந்த ஞாபகத்தைத் தாய் வயிற்றுப் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்புவாள் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த வீட்டின் பூனை நீதான் அப்பு. உன்னையும் சாக்கில் கட்டி அனுப்பியிருக்க வேண்டியது, உன் அம்மா விடவில்லை.

கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி சிரித்துக்கொண்டே, பொண்ணோட பூனையும் வரும் மாப்பிள்ளை என்றார். “வரட்டும் மாமா, ஒரு வாய்தானே” என்று சொன்னது நீ. அந்த ஒரு பதிலுக்காகவே சுகந்திக்கு உன்னைப் பிடித்துப்போனது என்று உன் அம்மாவிடம் பிறகு சொல்லியிருக்கிறாள். நேற்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, நீ அகரம் பக்கம் போனதாக உன் அம்மா சொன்னதை நம்பி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வறுத்த கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மூக்காயி, மூக்காயி என்று கூப்பிட்டேன். அந்தப் பேரில் ஊருக்கு எத்தனை கிழவிகள் இருப்பார்கள் என்று யோசித்தாயா? ஒரு அம்மா வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்ன வேணும் உனக்கு என்று கேட்டாள். பூனையைத் தேடுறேன் தாயி என்றால் நம்புகிறாளா? கோயில் பக்கம், ஆற்றுப் பக்கம், தென்னந்தோப்பு எல்லாம் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ எந்த இடத்தில் சாக்கை அவிழ்த்தாய் என்பது உனக்குத்தான் தெரியும்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். சுகந்தி அடுக்களையில் உட்கார்ந்து கொத்தமல்லியைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுக்கிறாள், எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி வேலை பார்க்கிறாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. செத்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை ரிசல்ட் வரட்டும் தாயி, நல்லபடியா இருந்தா அவன் ஓடி வந்துருவான் என்று சமாதானம் சொன்னேன். அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “நல்லதுன்னு தெரிஞ்சப்புறம் வர்றவரை வச்சு நான் என்ன மாமா பண்றது?” என்று கேட்டாள். எழுந்து போய் முகம் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மாவிடம் நான் கடைசியாக ஒன்று கேட்டேன். இம்புட்டுக் காவல் இருக்கிற உடம்பு கர்ப்ப காலத்தில் மட்டும் ஏன் இந்தக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது என்று. நீ அப்போது வெளியே போய் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாய். உடம்பு தன்னுடையது இல்லாத எதையும் உள்ளே இருக்க விடாதாம், சண்டை போட்டு வெளியே தள்ளிவிடுமாம். வயிற்றில் இருக்கிற பிள்ளை பாதிதான் அவள், மறுபாதி நீ. அந்தப் பாதி அவள் உடம்புக்கு வெளியாள். அதைத் தள்ளிவிடக் கூடாதே என்று உடம்பு தன் கோபத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொண்டு பத்து மாதமும் பொறுத்திருக்குமாம். அப்படிப் பொறுத்திருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் கிருமியும் நுழையப் பார்க்கிறது என்றார். எனக்கு அதற்குப் பிறகு அந்த அறையில் உட்கார முடியவில்லை. உன்னுடைய பாதிக்காக அந்தப் பெண்ணின் உடம்பு ஒவ்வொரு நிமிஷமும் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறது. உனக்கு ஒரு நாள் அடக்க முடியவில்லை.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். பயந்தால் கத்துவது என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து, அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. குழந்தைக்குக் கண்ணில் குறை வருமோ, மூளையில் குறை வருமோ என்று நீ போனில் படித்ததையெல்லாம் சுகந்தியும் அதே போன் மாதிரி ஒன்றில் படித்திருக்கிறாள், அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கிற நிலைமை ஒருவேளை வந்தாலும், டாக்டரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது அது, அவள் வாயிலிருந்தும் வர வேண்டியது. சாக்கை உதறிக்கொண்டே சொல்கிற பேச்சா அது?

கரும்பலகையில் எழுதித் துடைக்கிற மாதிரி நீ சொன்ன வார்த்தையைத் துடைக்க முடியாது. வந்து அவள் எதிரில் உட்கார். மன்னிப்புக் கேட்கத் தெரியாவிட்டால் சும்மாவாவது உட்கார். வருகிற வழியில் முதலில் அகரத்தில் இறங்கி, நீ விட்ட இடத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடு, தெருவே சிரித்தாலும் கூப்பிடு. கிடைத்தால் தூக்கிக்கொண்டு வா, அதன் கழிவை இனி நான் அள்ளுகிறேன். கிடைக்காவிட்டால் தேடினேன், கிடைக்கவில்லை என்று உன் வாயால் அவளிடம் சொல்.

முடிவு வியாழக்கிழமை வருகிறது. நீ புதன்கிழமையே வந்துவிடு.

அப்பா